யோகப்பிரியாவின் புருவத் தழும்பு

மாட்டுப்பட்டி
16.6.2024

பேத்தி மோனிஷாவுக்கு,

தாத்தா வீரபாண்டி சொல்ல, பக்கத்து அறை ஏசுரத்தினம் எழுதுவது. எனக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் அப்பா சுடலைமணி, அம்மா சந்தனம் சுகமா? உனக்குத் தலைவலி வராமல் இருக்கிறதா?

உன் கடிதத்தை ஏசுரத்தினம் இரண்டு தடவை வாசித்தான். இரண்டாவது தடவை வேண்டியதே இல்லை. காதில் ஒரு தரம் விழுந்தது என்னை விட்டுப் போகாது, உனக்குத் தெரியும். போனில் பேசலாமே என்பாள் உன் அம்மா. போனைக் காதில் வைத்தால் எனக்குக் கொசு பாடுவதுதான் கேட்கிறது. டவர் கிடைக்க ரோட்டு வளைவுவரை ஏற வேண்டும். அங்கே யானை நிற்கிறது.

கோவிந்தாபுரத்துப் பள்ளியில் மத்தியானம் உன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ நம் தேயிலைத் தோட்டத்து லயப் பேச்சில் வாயைத் திறந்தால், "ஏம்புள்ள, இவ பேசறதக் கேளுங்களேன்" என்று சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். பள்ளி விட்டால் தோப்பு. நீ உள்ளே வந்ததும் கேட்டில் பூட்டு. சுற்றிலும் மாமரம், முள்கம்பி. "காவல் வேலைக்கு வந்தது அப்பா, பூட்டப்பட்டது நான்." இது நீ எழுதிய வரி. அதைப் படித்துவிட்டு ஏசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நானும் இவனும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும், வெகுகாலம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். ஒரு மழைநாளில் அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுபோய் இவன் வாசலில் வைத்தேன். "உப்புப் போடலியா வே?" என்று கேட்டான். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. உங்கள் தோப்பில் குத்தகைக்காரர்கள் பறித்தது போக மிச்சம் நீலம் பழம் தொங்குகிறது என்றாயே, நல்லதாகப் பார்த்து ஒரு பை நிறைய எடுத்துப் போ. எல்லோருக்கும் கொடு. வாய்க்கு ருசியாகக் கொடுத்தால் மனிதன் பேசத்தான் செய்வான்.

குளிரில்லாத ஊர் என்று தலையைத் துவட்டாமல் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
தாத்தா

கிழங்கில் உப்பு இல்லாதது உண்மை. — ஏசுரத்தினம்


கோவிந்தாபுரம்
3.7.2024

அன்புள்ள தாத்தாவுக்கு,

மோனிஷா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். சுக்குத் தண்ணீர் குடிக்கிறீர்களா?

நீலம் பழம் கொண்டுபோனேன். எல்லோரும் கையில் வாங்கிக்கொண்டார்கள். யாரும் கடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மயிலாத்தாள் என்று ஒருத்தி மட்டும் கடித்துத் தின்றாள். கொட்டைக்குப் பக்கத்தில் போனதும் உள்ளேயிருந்து ஒரு கருப்பு வண்டு வந்து அவள் உதட்டில் உட்கார்ந்தது. அவள் கத்திவிட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

மழை விழுந்த பிறகு நீலத்துக்குள் வண்டு இருக்கும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியுமாம். நம் மலையில் மாமரம் ஏது தாத்தா? அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது என் பெயர் வண்டுக்காரி. அந்த மயிலாத்தாளை, அவள் பாட்டியின் பெயரை வைத்திருப்பதற்காக, ஏற்கெனவே 'பாட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது, "பாட்டி, வண்டு நல்லாருந்துச்சுங்ளா?" என்று கேட்கிறார்கள். என்னைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நாளையிலிருந்து போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "போகாம? இந்த முள்கம்பியப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கப் போறியா?" என்றாள். அதனால் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசுரத்தினம் தாத்தாவுக்கும் வணக்கம்.

உங்கள்,
மோனிஷா


மாட்டுப்பட்டி
22.7.2024

மோனிஷாக் கண்ணுக்கு,

தாத்தா எழுதச் சொன்னது. இங்கே மழை விடவில்லை. ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. உன் கடிதம் நனைந்து வந்தது. ஏசுரத்தினம் அடுப்பருகே காயவைத்துப் படித்தான். உங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அறியாத பழத்தைப் பற்றி அறிந்தவன் மாதிரி பேசிவிட்டேன். அந்த வண்டு என் வாயில் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

நேரில் வந்துவிடலாம் என்றால், வேலையிலிருந்து நின்ற நான் அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் கம்பெனி அதன்மேல் தன் பூட்டையும் போட்டுவிடும். அப்புறம் எனக்கு லயம் ஏது? நீ அங்கே ஒரு பூட்டுக்குள், நான் இங்கே ஒரு பூட்டுக்குள். இனி அறிவுரை சொல்லமாட்டேன். நடந்ததை மட்டும் எழுது, கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாத்தா

எழுதாதே என்றார், எழுதுகிறேன். உன் தாத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. "எம் பேரப்புள்ளய நானே கெடுத்துட்டேனே" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது நல்ல சேதி இருந்தால் உடனே எழுது அம்மா. — ஏசுரத்தினம்


கோவிந்தாபுரம்
30.7.2024

அன்புள்ள தாத்தாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நல்ல சேதி இருக்கிறது.

எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள். பெயர் யோகப்பிரியா. இடது புருவத்தின் நடுவில் ஒரு தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்காது. வறுத்த பலாக்கொட்டையைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு பாடம் நடக்கும்போதே தின்பாள். தவளை என்றால் பயம். அவள் அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கமாட்டாள். மத்தியானம் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

அதனால் நீங்களும் சாப்பிடுங்கள்.

உங்கள்,
மோனிஷா


மாட்டுப்பட்டி
25.8.2024

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதச் சொன்னது. எனக்கு இருமல் நின்றுவிட்டது. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் கேட்டேன் என்று சொல்.

உன் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்த ஏசுரத்தினம், புருவம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். "என்ன வே, மேல படியும்" என்றேன். "எழுத்து கலங்கியிருக்கு வே" என்றான். ஃபேக்டரியில் ரோலர் தட்டிய தன் இடது புருவத்தை விரலால் தடவிக்கொண்டே மிச்சத்தையும் படித்தான்.

சந்தோஷம் கண்ணு. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். யோகப்பிரியாவைப் பற்றி இன்னும் எழுது. எதற்குச் சிரிப்பாள்? கோபம் வருமா?

அவளுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தாத்தா


கோவிந்தாபுரம்
10.11.2024

அன்புள்ள தாத்தாவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பரீட்சை இருந்தது. எல்லோரும் நலம்.

யோகப்பிரியாவும் நலம். கோபம் வந்தால் வலது புருவத்தை உயர்த்துவாள். தழும்பும் கூடவே மேலே போகும். அவள் அப்பா பொள்ளாச்சிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டுகிறார்.

அம்மா சாயங்காலம் கேட்டுக்குள்ளே நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். புத்தகப்பையை வாங்குவதற்குள், "இன்னைக்கு அந்தப் புள்ள என்ன சொன்னா?" என்று கேட்கிறாள். இந்தத் தோப்பில் அம்மாவுக்கும் பேச ஆள் இல்லை. யோகப்பிரியா பேச்சை எடுத்தால்தான் அவள் முகம் தெளிகிறது. அதனால் தினமும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

குளிர் தொடங்கியிருக்கும். காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
மோனிஷா


மாட்டுப்பட்டி
28.11.2024

மகன் சுடலைமணிக்கு,

அப்பா எழுதச் சொன்னது. இங்கே நலம், அங்கே நலம்தானே? இதை நீ மட்டும் படி. எழுத்து தெரியாதவனுக்கு ரகசியம் கிடையாது, ஏசுரத்தினத்துக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் உன் வீட்டில் வேறு யார் கண்ணிலும் படவேண்டாம்.

யோகப்பிரியா என்று ஒரு பிள்ளை இல்லை.

போன கடிதத்தில் தழும்பு இடது புருவத்தில் இருந்தது. இந்தக் கடிதத்தில் வலது பக்கம் போய்விட்டது. டிராக்டர், லாரி ஆகிவிட்டது. அது இருக்கட்டும். வறுத்த பலாக்கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வாத்தியாரிடம் அடி வாங்கியது யார்? நீதான். தவளையைக் கண்டு தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்தது மோனிஷா. தழும்பு இந்த ஏசுரத்தினத்துடையது. தனக்குத் தெரிந்த மூன்று பேரை ஒட்டுப்போட்டுத் தைத்து, அந்தப் பிள்ளை தனக்கு ஒரு சிநேகிதியைச் செய்து வைத்திருக்கிறது.

நான் சாப்பிட வேண்டும் என்று சொன்ன பொய் அது. அதைப் பிடித்துக் கேட்க எனக்கு வாய் வராது. நீயும் கேட்டுவிடாதே. ஒருதரம் பள்ளிப் பக்கம் போய்ப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்த்து வா.

அப்பா


கோவிந்தாபுரம்
15.12.2024

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

மகன் சுடலைமணி வணக்கம். எல்லோரும் சுகம். மரங்கள் பூவெடுத்துவிட்டன. மருந்தடிக்கிற காலம், நான் அப்படி இப்படி நகர முடிவதில்லை. ஆனாலும் ஒரு மத்தியானம் போனேன்.

பள்ளிச் சுவருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மோனிஷா குழாயடிச் சுவரைப் பார்த்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. நான் பார்த்தது தெரிந்தால் அவளிடம் மிச்சமிருப்பதும் போய்விடும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யோகப்பிரியா தனக்கு முட்டை ஊட்டிவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சந்தனத்திடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கென்று பொங்கலுக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறாள். என்ன செய்வதென்று தெரியவில்லை அப்பா.

உடம்பைப் பேணிக்கொள்ளுங்கள்.

சுடலைமணி


கோவிந்தாபுரம்
16.2.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

வணக்கம். நலம். நீங்கள் நலமா?

அம்மா கொடுத்த வளையலை யோகப்பிரியாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சரியாக இருந்தது.

பங்குனி மாதம் லயத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் வருகிறோம். அம்மா, யோகப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறாள். அவள் வீட்டில் பேசி நானே அனுமதி வாங்குகிறேன் என்று கிளம்பினாள். வேண்டாம், நானே கேட்கிறேன் என்றேன். இன்று மறுபடியும் கேட்டாள். அவள் வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

தாத்தா, திருவிழாவை இந்த வருஷம் தள்ளி வைப்பார்களா?

உங்கள்,
மோனிஷா


மாட்டுப்பட்டி
2.3.2025

என் தங்கப் பேத்திக்கு,

தாத்தா எழுதச் சொன்னது. இங்கே பனி கொட்டுகிறது. கை கால் மரத்துப்போவதைத் தவிர வேறு குறை இல்லை. உனக்குப் பரீட்சை நேரம், கண் விழிக்காதே.

திருவிழாவைத் தள்ளி வைக்கமாட்டார்கள். காப்புக் கட்ட நாள் குறித்துவிட்டார்கள்.

யோகப்பிரியாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வயசுப் பிள்ளையை இவ்வளவு தூரம், மலைக்கு, யார் வீட்டில் அனுப்புவார்கள்? அனுப்பமாட்டோம் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் நீ வருத்தப்படாதே. உன் அம்மாவிடம் அதைச் சொன்னால் போதும். வராவிட்டாலும் எனக்கு அவள் பேத்திதான். யாரும் அவளைத் தேடிக்கொண்டு போகமாட்டோம்.

ஏசுரத்தினம் கேட்கிறான், அவள் தழும்பு இடது புருவத்திலா, வலது புருவத்திலா என்று. எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். வயதாகிறது அல்லவா, ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

நீ வந்தால் போதும்.

தாத்தா


முதலமடை
18.4.2025

மாட்டுப்பட்டித் தாத்தாவுக்கு,

வணக்கமுங்க. திருவிழாவுக்கு வந்த பிள்ளை எழுதுவது. உங்கள் இருவருக்கும் சுகம்தானுங்களா? ஊருக்கு வந்ததும் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். உங்கள் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

தாத்தா, நான் யோகப்பிரியா இல்லைங்க. மயிலாத்தாள். வண்டுப் பழம் தின்றவள். நான் எழுதுவது மோனிஷாவுக்குத் தெரியாது.

மார்ச் மாதம் குழாயடியில் வந்து நின்றாள். இத்தனை மாதமாக என்னோடு பேசாதவள். "ஒரு உதவி செய்வியா? நாலு நாளைக்கு நீ வேற ஒருத்தியா இருக்கணும்" என்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் விடமாட்டார்கள் என்று அவள் சொல்லியும், நானே போய்க் கேட்கிறேன் என்று அவள் அம்மா கிளம்பிவிட்டாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "அந்தப் பேரு என்னன்னு இன்னொருக்கா சொல்லு புள்ள" என்றேன். யோகப்பிரியா என்றாள். பிறந்ததிலிருந்து பாட்டி என்று கேட்டுப் புளித்த காதுங்க இது. "நாலு நாளு என்ன, எச்சாவே வெச்சுக்கறேன், குடு" என்றேன்.

அப்புறம் தினமும் மத்தியானம் பாடம் எடுத்தாள். யோகப்பிரியா இப்படித்தான் சிரிப்பாள், தவளையைக் கண்டால் இப்படிக் குதிக்க வேண்டும் என்று. நான் வயலில் தவளையைக் காலில் பிடித்துத் தூக்கி எறிகிறவள். பலாக்கொட்டை எனக்கு வாயுத் தொல்லை. "இதெல்லாம் என்னால ஆவாது, உன்ற யோகப்பிரியாவ மாத்திக்கோ" என்றேன். "மாத்த முடியாது, தாத்தாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றாள். அதற்கே இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் அவளே வந்து, "சரி, பலாக்கொட்டைய விட்டுருவோம்" என்றாள். வேலியோர மரப்பொந்தில் ஒளித்து வைத்திருந்த வளையலை எடுத்து என் கையில் போட்டுவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது கண்மையால் இடது புருவத்தில் தழும்பு வரைந்தோம். மூணாறில் இறங்கியதும் மழை. உங்கள் வாசலுக்கு வரும்போது மை வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் தோள் துண்டை எடுத்துக் கொடுத்து, "மூஞ்சியத் தொடச்சிக்கோ தாயி, மழை சாஸ்தி" என்றீர்கள். புருவத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஏசுரத்தினம் தாத்தா பார்த்தார். பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் கோயிலில் பூசாரி அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டார். மோனிஷா என் கையை நகம் பதியப் பிடித்தாள். அவள் அம்மா பக்கத்தில் நிற்கிறார். மாரியம்மன் எதிரே நிற்கிறாள். நீங்கள் பின்னாலிருந்து, "குடும்பத்து பேர்ல செய்யும் ஐயா, அந்தப் புள்ளையும் அதுலதான்" என்றீர்கள். அப்போதே தெரிந்துகொண்டேன், உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த நீலம் பழத்தில் வண்டு இருக்கும் என்று எனக்கும் தெரியுமுங்க. மாந்தோப்பு ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாதா? எல்லோரும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருத்தர் கடிக்கோணும் இல்லீங்களா? வண்டு உதட்டில் வந்து உட்காரும் என்றுதான் தெரியாமல் போய்விட்டது. அன்றைக்கே அவளிடம் பேசியிருக்கலாம். மற்றவர்கள் சிரிப்புக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்.

வணக்கத்துடன்,
மயிலாத்தாள்


மாட்டுப்பட்டி
20.7.2025

பேத்திகள் மோனிஷாவுக்கும் மயிலாத்தாளுக்கும்,

தாத்தா வீரபாண்டி எழுதச் சொன்னது. இருவரும் நலமா? சுடலைமணியும் சந்தனமும் சுகமா?

திருவிழாவுக்குப் பிறகு மோனிஷாவிடமிருந்து கடிதம் இல்லை. மே போயிற்று, ஜூன் போயிற்று. முதலில் தபால்காரரைத் திட்டினேன். அப்புறம் சுடலைமணி போன் செய்ததாக ஏசுரத்தினம் வந்து சொன்னான்: தோப்புக் கேட்டுக்கு ஒரு சாவி மயிலாத்தாளிடம் இருக்கிறதாம். இருவரும் உள்ளே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்து நாயைக் குரைக்க வைக்கிறார்களாம். சந்தனம் இப்போது அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாளாம். எப்போது தெரிந்தது, யார் சொன்னது என்று யாரும் யாரையும் கேட்கவில்லையாம். இதெல்லாம் காதில் விழுந்ததும் தபால்காரரைத் திட்டுவதை விட்டுவிட்டேன். எழுத நேரமில்லை என்றால் எழுதவேண்டாம் கண்ணு.

மயிலாத்தா, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை ஏசுரத்தினத்தை மறுபடியும் படிக்கச் சொன்னேன். மறந்து அல்ல. அதை அவளிடம் சொல்லிவிடு. அழுதால் அழட்டும்.

இங்கே ஒரு சேதி. ஏசுரத்தினத்துக்கு முட்டி போய்விட்டது. மகன் வந்து ஆனைக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், நாளை மறுநாள். "ஏலம் மணக்கிற ஊரு வே, நீரும் வாரும்" என்கிறான். நான் போனால் அறை போய்விடும். அவன் போனால் சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டு விழும். இந்தக் கடிதம்தான் அவன் கையால் எனக்குக் கடைசி. கிழங்கு அவித்துக் கொடுத்தேன். உப்புப் போட்டிருந்தேன். ஒரு துண்டு விடாமல் தின்றான்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யோகப்பிரியாவுக்கு இப்போது அங்கே வேலை இருக்காது. மத்தியானம் அவளோடு உட்காரவும் ஆள் இருக்காது. அவளை இங்கே அனுப்பிவிடுங்கள். இந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டை தின்னட்டும். தழும்பு எந்தப் புருவத்தில் இருந்தாலும் சரி, நான் கேட்கமாட்டேன்.

இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

தாத்தா

இடது பக்கமே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். — ஏசுரத்தினம்